பாத்திக் கடலும் தொட்டிக் கடலும்

மரக்காணத்து உப்பளத்தில் உப்பு நீரைப் பாத்தியில் கட்டி வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வற்றி வற்றி, போமே மானி 25 டிகிரி காட்டும்போது உப்புப் பூக்கிறது.

அதே நீரைத் தொட்டியில் நிறுத்தி அதில் மீனை உயிரோடு வைத்திருப்பது நேர் எதிரான வித்தை. நீர் ஆவியாகும், உப்பு போகாது. கவனிக்காமல் விட்டால் தொட்டியே உப்பளமாகிவிடும். நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டும், பழைய நீரை மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். பாத்திக்கு வெயில் போதும். தொட்டிக்கு ஓர் ஆள் வேண்டும், தினமும்.

இந்த வித்தையை இந்தியாவில் முதன்முதலாகப் பொது ஜனங்களுக்குக் காட்டியது சென்னைதான். 1909-இல் மெரினாக் கரையில் மீன் காட்சிசாலை திறந்தது. திட்டம் போட்டவர் எழும்பூர் மியூசியத்தை நடத்திவந்த எட்கர் தர்ஸ்டன். ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து ஜாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் எழுதிய துரை. அவை வெளிவந்ததும் அதே 1909-இல்தான். அளக்கப்பட்டவர்களைவிட மீன்கள் கொடுத்துவைத்தவை என்று தோன்றுகிறது.

பட்டணத்தார் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். ஆகச் செத்த காலேஜ் நடத்திய உயிர் காலேஜ் இது! 1919-இல் மீன்வளத் துறைக்கு மாறியது.

மரக்காணம் அப்போது பட்டணத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி அதுதான். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பிறகு, படகுகள் பட்டணத்தை ஊடுருவிப் போக வழி கிடைத்தது. உப்பும் விறகும் திருவல்லிக்கேணிக்குப் பின்னாலேயே மிதந்து வந்தன. கரையேறிச் சற்று நடந்தால் மெரினா. ஆனால் உப்புப் படகுக்காரனுக்கு மீனை வேடிக்கை பார்க்க என்ன அவசரம்?

1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கினார்கள். பட்டணம் காலியாயிற்று. தப்பி வந்தால் ஆபத்தென்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். மீன்களால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் அந்த ஆண்டே காட்சிசாலையை அடைத்தார்கள். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் பாத்தியில் உப்புதான் கூடும். தொட்டி அப்படியல்ல. சண்டை ஓய்ந்த பிறகும் அந்தப் பழைய பெருமை திரும்பவில்லை.

2019-இல் ஈஞ்சம்பாக்கத்தில் தனியார் ஒருவர் பெரிய கடல் மீன் காட்சிசாலை திறந்தார். சீட்டு வாங்கிக் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடக்கலாம். தலைக்கு மேல் மீன் போகும். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தால் மரக்காணம். மழைக்கு முன்னால் போனால், வாரிய உப்பை அம்பாரம் அம்பாரமாகக் குவித்து மூடி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதற்குச் சீட்டு இல்லை.