சாக்கெட்டின் ஆயுள்: நாகர்கோவில் டி.டி.பி. மேசையிலிருந்து ஓர் ஆய்வு

நாகர்கோவிலுக்கும் அச்சுத்தொழிலுக்கும் இருநூறு ஆண்டு உறவு. மிஷனரியான சார்லஸ் மீட் 1820 வாக்கில் இங்கே அச்சகம் நிறுவினார். அந்தத் தொழிலின் இன்றைய வாரிசான டி.டி.பி. மேசைகளில்தான் கோயில் கொடை நோட்டீசும் பங்குத் திருவிழா அழைப்பிதழும் உருவாகின்றன. அம்மேசைகளின் பழைய கணினிகளை முன்வைத்து இக்கட்டுரை ஒன்றைக் கேட்கிறது: சாக்கெட் பழசான பிறகும் அதில் புதிய பிராசசர் வாங்கிப் போடுவது எதுவரை பயன் தரும்? பொருந்தும் பிராசசர் சந்தையில் கிடைக்கிறதா என்றுதான் பலரும் பார்க்கிறோம். மெமரி, பயாஸ், இயங்குதளம் மூன்றில் எது முதலில் கைவிடுகிறது என்று பார்ப்பதே சரி என்பது என் முடிவு.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் குறைவு. 1990களின் நடுவில் வந்த சாக்கெட் 7-இல் இன்டெல் பென்டியம், ஏ.எம்.டி. கே6, சைரிக்ஸ் எல்லாமே அமர்ந்தன. 1997-இல் இன்டெல் பென்டியம் 2-ஐ ஸ்லாட் 1-க்குக் கொண்டுபோனது. ஏ.எம்.டி.யோ பழைய சாக்கெட்டை விடாமல், 1998-இல் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்சாக்கி அதற்கு ஆயுள் நீட்டியது.

நம் ஊர் மேசைகளுக்கு நெருக்கமானது 2004-இல் வந்த எல்.ஜி.ஏ. 775. பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை அதே 775 தொடுமுனைகள்தான். ஆனாலும் 2004-இன் 915 சிப்செட் போர்டில் 2006-இன் கோர் 2 டுயோ கச்சிதமாக அமரும், இயங்காது. அது கேட்கும் மின்னழுத்த ஒழுங்குக்கும் சிப்செட் ஆதரவுக்கும் அந்தப் போர்டில் இடமில்லை. பின்னால் வந்த ஜி31, ஜி41 போன்ற போர்டுகளே குவாட் வரை தாங்கின. கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்.ஜி.ஏ.வில் நுண்ணிய ஊசிகள் இருப்பது போர்டில். முட்டம், குளச்சல் பக்கத்து உப்புக்காற்றும் இரண்டு பருவமழையின் ஈரமும் பிராசசரைவிடப் போர்டைத்தான் முதலில் அரிக்கும். அரித்த போர்டுக்குக் குவாட் வாங்குவது வீண்.

775 இங்கே நெடுநாள் நிலைத்ததற்கு ஒரு வலுவான காரணம் தமிழ் எழுத்துரு. இம்மேசைகளில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் பேஜ்மேக்கர்; அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாடு டாம், டாப் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்துச் சேர்த்த கோப்புகளை விட்டுவிட்டு எந்த அச்சகம் நகரும்? பேஜ்மேக்கரோ மேசைக் கணினிக்கு இரட்டைக் கோர் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. டுயோவை எடுத்துவிட்டுக் குவாட் போட்டாலும் அது வேகமெடுக்காது. அந்தப் பணத்தை எஸ்.எஸ்.டி.க்குக் கொடுத்தவர்களே பலன் கண்டிருப்பார்கள்.

இனி மெமரிக்கு வருவோம். அதைக் கட்டுப்படுத்தும் பகுதியை 2003-இல் ஏ.எம்.டி.யும் 2008-இல் இன்டெலும் பிராசசருக்குள் கொண்டுவந்தன. அதன்பின் ரேம் தலைமுறை மாறினால் பெரும்பாலும் சாக்கெட்டும் மாறியது.

2017-இல் வாங்கிய இரண்டு போர்டுகளை ஒப்பிட்டால் விஷயம் துலங்கும். ஒன்று இன்டெலின் எல்.ஜி.ஏ. 1151. அவ்வாண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுமுனைகள். என்றாலும் புதிய 300 வரிசை போர்டு இருந்தால்தான் இயங்கும். மற்றது ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4. பல பழைய ஏ.எம்.4 போர்டுகளில் பயாஸ் சிப் வெறும் 16 எம்.பி. அதைக் காரணம் காட்டி, ரைசன் 5000-ஐப் பழைய போர்டுகளுக்குத் தரப்போவதில்லை என்று 2020 மே மாதம் ஏ.எம்.டி. அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழ, அதே மாதம் 400 வரிசைக்கு இறங்கி வந்தது. 2022-இல் தன் 300 வரிசைக்கும் வழிவிட்டது. வாங்கியவர்களின் குரலால் ஒரு சாக்கெட்டுக்கு ஆயுள் கூடியதை இந்த வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வாகக் கருதுகிறேன்.

கடைசியாக இயங்குதளம். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர் பட்டியலில் இன்டெல் ஏழாம் தலைமுறையில் சில விதிவிலக்குகள் தவிர எதுவும் இல்லை; முதல் ரைசன்களும் இல்லை. ஏ.எம்.4 வைத்திருப்பவர், போர்டு நிறுவனம் பயாஸ் வெளியிட்டிருந்தால், பிராசசரை மட்டும் மாற்றிக்கொண்டு கொடை நோட்டீஸ் வேலையைத் தொடரலாம். 300 வரிசைக்கு முந்தைய 1151 வைத்திருப்பவர் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.