'டமார்' என நொறுங்கும் கண்ணாடி அடுப்பு: சரி செய்யலாமா? புதுசு வாங்கணுமா?

கடலூர்:

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோவிலில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் கூட்டம் அலைமோதும். நல்ல முகூர்த்தத்தில் ஒரே நாளில் 100-க்கும் மேல் கல்யாணம் நடக்கும். ஹயக்ரீவர் மலையில் தாலி கட்டி முடித்ததும் பீரோ, கட்டில், மிக்சி, கிரைண்டர் என்று சீர்வரிசை வேன் ஏறும். அதில் இப்போது தவறாமல் இடம் பிடிப்பது கண்ணாடி மேல்தட்டு போட்ட கேஸ் அடுப்பு.

பார்க்க பளபளன்னு இருக்கும். துடைக்கவும் சுலபம். ஆனால் ஒரு நாள் சமைத்துக் கொண்டிருக்கும்போதே 'டமார்' என்று சத்தம் கேட்கும். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று வீடே அலறி அடித்து வெளியே ஓடும். திரும்பி வந்து பார்த்தால் சிலிண்டர் பத்திரமாக இருக்கும். அடுப்பின் கண்ணாடிதான் கற்கண்டு போல துகள் துகளாகக் கிடக்கும்.

ஏன் நொறுங்குது?

அடுப்பில் போடுவது ஜன்னல் கண்ணாடி இல்லை. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றடித்து சட்டென்று குளிர வைத்த 'டப்பன்ட்' கண்ணாடி. இதனால் மேல்பரப்பு இறுகி, உள்பக்கம் இழுபட்ட நிலையில் நிற்கும். அதனால்தான் பலம் அதிகம். அதே காரணத்தால்தான் ஓரத்தில் சின்ன சில்லு தெறித்தாலும் மொத்த தட்டும் ஒரே நொடியில் நொறுங்கிப் போகிறது.

பெரும்பாலும் தப்பு நம்ம பக்கம்தான். பர்னரை விட ரொம்ப அகலமான அண்டாவையோ தோசைக்கல்லையோ வைத்தால், நெருப்பின் சூடு மேலே போக வழியில்லாமல் கண்ணாடி மேலேயே திரும்பி அடிக்கும். கொதிக்கிற குக்கரை இறக்கி கண்ணாடி மேலேயே வைப்பது, சூடாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைப்பது, இரும்புச் சட்டியை 'டங்'கென்று போடுவது எல்லாம் இதில் சேர்த்தி. அடுப்பின் நாலு ரப்பர் காலில் ஒன்று காணாமல் போய், அடுப்பு ஆடிக்கொண்டே இருந்தாலும் கண்ணாடிக்கு ஆபத்து.

இன்னொரு காரணம் கொஞ்சம் பயங்கரமானது. பர்னர் சரியாக உட்காராமலோ, அடியில் கேஸ் கசிந்தோ, கண்ணாடிக்குக் கீழே நெருப்பு எரியும். மேலே பார்த்தால் தெரியாது. திருகு அளவுக்கு மீறி சுடுகிறது என்றால் இதுவாக இருக்கலாம். உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

அரிதாக, தயாரிக்கும்போதே கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்பைடு துகளால், யாரும் தொடாமலேயே நொறுங்குவதும் உண்டு.

முதல் வேலை என்ன?

முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும். கண்ணாடி அள்ளுவது அப்புறம். காலில் செருப்பு இல்லாமல் உள்ளே போகக்கூடாது. குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். அடுப்பு ஆறிய பிறகு கூட்டி அள்ளலாம்.

பக்கத்தில் திறந்திருந்த சாப்பாட்டை கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு பானை சோறு போச்சே என்று மனசு கேட்காது. கூலிக்குப் போகிற வீட்டில் அது பெரிய நஷ்டம்தான். ஆனால் கண்ணாடித் துகளை சாம்பாரில் கண்டுபிடிக்க முடியாது.

கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சை போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையல் கேஸ் காற்றை விட கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஒட்டு வேலை வேண்டாம்

விரிசல் விட்ட அல்லது ஓரம் தெறித்த கண்ணாடியை பசை, எம்-சீல் போட்டு ஒட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய பேப்பரை விரித்து மூடி சமைப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேலைக்கு ஆகாது. பேப்பர் போட்டால் சூடு இன்னும் அதிகமாக அடைபடும்.

டப்பன்ட் கண்ணாடியை வாங்கி வந்து வீட்டில் அறுக்கவோ, ஓட்டை போடவோ முடியாது. தொட்டாலே நொறுங்கும். ஓட்டை எல்லாம் போட்ட பிறகுதான் அதை சூளையில் ஏற்றுவார்கள். அதனால் அதே கம்பெனி, அதே மாடலுக்கான தட்டுதான் வாங்க வேண்டும். மாடல் நம்பர் அடுப்பின் அடியில் அல்லது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

சாதா கண்ணாடியில் கருப்பு பெயிண்ட் அடித்து மலிவாகத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. அது உடைந்தால் துகளாகாது, கத்தி போல நீளநீளமாகப் பிளக்கும். வாங்கும்போது மூலையில் டப்பன்ட் முத்திரை இருக்கிறதா, ஓரம் வழவழவென்று தேய்த்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளவும்.

ஸ்டீல் அடுப்பின் கதை வேறு

ஸ்டீல் அடுப்பு நொறுங்காது, துருப்பிடிக்கும். கடலூர் உப்புக்காற்றும், பொங்கி வழிகிற கஞ்சியும் சேர்ந்து அடித்தகட்டை அரித்துவிடும். ஸ்க்ரூ பிடிக்கிற ஓட்டை தேய்ந்து பர்னர் சாய்ந்தால், அந்த அடுப்பின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். தகடு மட்டும்தானே என்று வெல்டிங் கடைக்கு தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அடியிலேயே கேஸ் குழாயும் வால்வும் இருக்கிறது.

பர்னர், மூடி, பாத்திர ஸ்டாண்ட், திருகு, ரப்பர் கால் போன்றவை தனித்தனியாக கிடைக்கும், மாற்றிக் கொள்ளலாம். திருவந்திபுரம் பக்கத்து கிராம மக்களுக்கு திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடுதான் கைக்கு எட்டுகிற கடைத்தெரு.

நெருப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் அடைப்பு என்று அர்த்தம். ஜெட்டில் ஊக்கை விட்டு குத்துவது நம்ம ஊர் வைத்தியம். அதில் ஓட்டை பெரிசாகி கேஸ் கூடுதலாகப் போகும். சிலிண்டர் சீக்கிரம் தீருகிறதே என்று பிறகு ஏஜென்சிக்காரரைத் திட்டி பிரயோசனம் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய அடுப்பு

2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணை கரை புரண்டபோதும் கடலூர் பகுதியில் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி மூழ்கிய அடுப்பை துடைத்து உடனே பற்ற வைக்கக்கூடாது. பர்னர் குழாயிலும் ஜெட்டிலும் சேறு நிற்கும். கழற்றி கழுவி, முழுசாக காய வைத்து, மெக்கானிக்கை வைத்து சோப்புத் தண்ணீரில் கசிவு பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். தண்ணீரில் கிடந்த ரெகுலேட்டரை ஏஜென்சியில் காட்டாமல் மாட்டக்கூடாது. தீக்குச்சி கொளுத்தி கசிவு பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

எப்போது புதுசு?

கண்ணாடியும் கூலியும் சேர்ந்து புது அடுப்பு விலையில் பாதியைத் தாண்டினால், வால்வும் தேய்ந்திருந்தால், புதுசு வாங்குவதே லாபம். 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு கொடுத்த இலவச அடுப்பு இன்னும் சில வீடுகளில் எரிகிறது. அவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது. பர்னரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு முறை முழுசாக சோதிப்பது நல்லது.

புது அடுப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ்.4246 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கூடவே ரப்பர் டியூபையும் கவனிக்கவும். 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தேதி டியூப் மேலேயே அச்சடித்திருக்கும்.

பில் யார் கையில்?

வாரண்டிக்கு பில் வேண்டும். சீர்வரிசையில் வந்த அடுப்புக்கு பில் பெரும்பாலும் பெண் வீட்டில் இருக்கும், இல்லையென்றால் எங்குமே இருக்காது. கல்யாணத்தன்றே கேட்டு வாங்கினால் மாமனார் கோபித்துக்கொள்ள மாட்டார். வாரண்டி அட்டையில் கண்ணாடிக்கு தனியாக என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். மற்ற பாகங்களுக்கு கொடுக்கும் வாரண்டி பல அடுப்புகளில் கண்ணாடிக்கு கிடையாது.

வாரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 2 வருஷத்துக்குள் வழக்கு போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது.

கேஸ் விபத்தில் உயிரிழப்பு ஏற்பட்டால் எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் தலா ரூ.6 லட்சம் வரை இழப்பீடு உண்டு. வீட்டுச் சேதத்துக்கு ரூ.2 லட்சம் வரை கிடைக்கும், ஆனால் கேஸ் இணைப்பு பதிவான முகவரியில் விபத்து நடந்திருந்தால்தான். வாடகை வீடு மாறுகிறவர்கள் ஏஜென்சியில் முகவரி மாற்ற மறந்துவிடுவது இங்கேதான் காலை வாரும்.