தகவல் பலகை வடிவமைப்பு: காவிரி கற்றுத்தரும் பாடம்

டாஷ்போர்டு எனப்படும் தகவல் பலகை, ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ முடிவெடுக்கத் தேவையான முக்கிய எண்களை ஒரே திரையில் தொகுத்துக் காட்டுவது. விற்பனை, சரக்கிருப்பு, வசூல், நீர்வரத்து என எதுவும் அதில் இடம்பெறலாம். பல இடங்களில் சிதறிக் கிடக்கும் கணக்குகளைச் சேர்த்து, பிழை களைந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் தரும் துறை வணிக நுண்ணறிவு. அதைத் தொழிலாகக் கொண்டவர் தரவு ஆலோசகர். இத்துறையின் நெளிவுசுளிவுகளைத் தமிழ் வாசகர் அறிந்துகொள்ள மேட்டூரிலிருந்து உறையூர் வரையிலான காவிரி நீர்க் கணக்கே போதும்.

தோற்றம்

எண்களைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டும் முறையைப் பரப்பியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். அவருடைய வணிக வரைபட நூல் 1786-இல் வெளிவந்தது. வணிக நுண்ணறிவு பற்றி ஐபிஎம் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் முன்னோடி. டாஷ்போர்டு வடிவமைப்புக்கென்றே ஸ்டீபன் ஃபியூ 2006-இல் தனி நூல் எழுதினார். இன்று டேப்லோ, பவர் பிஐ ஆகியவற்றோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் அனலிட்டிக்ஸ் மென்பொருளும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் முதலமைச்சருக்கான தகவல் பலகையைத் தொடங்கியது.

கணினி வருவதற்கு முன்பே தமிழர்கள் பழகிய தகவல் பலகை ஒன்று உண்டு. நாளிதழில் வரும் ‘மேட்டூர் அணை நிலவரம்’தான் அது. நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என நான்கே எண்கள். டெல்டா விவசாயி அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் நாற்று விடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அந்த நான்கில் எதை எடுத்தாலும் குறை தெரியும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வலுவான காரணம் வேண்டும்.

பாதி உயரம், கால் பங்கு நீர்

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நீர்மட்டம் 60 அடியில் நிற்கும் நாளில், வடிவமைப்பாளர் ஒரு வட்ட மானியை வரைந்து முள்ளைச் சரிபாதியில் நிறுத்தினால் பார்ப்பவர் ‘பாதி அணை இருக்கிறது’ என்று நம்பிவிடுவார். உண்மையில் அப்போது இருப்பது ஏறத்தாழ 25 டி.எம்.சி., அதாவது கால் பங்கைச் சற்றே தாண்டும். நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதே காரணம். எண் சரியாக இருந்தும் படம் ஏமாற்றிவிடும். அடிக் கணக்கை எண்ணாகக் கொடுத்து, இருப்பைப் பட்டையாக வரைவதே முறை.

தரவு சரிதானா என்று சோதிக்கவும் இதே எண்கள் உதவும். வரத்து வெளியேற்றத்தைவிட வினாடிக்கு 11,574 கன அடி கூடுதலாக ஒரு முழு நாள் நீடித்தால், ஆவியாதல் போக, இருப்பு சுமார் 1 டி.எம்.சி. உயர வேண்டும். உயரவில்லையென்றால் எங்கோ ஒரு பதிவு தவறியிருக்கிறது. இத்தகைய சோதனைகளைத் திரைக்குப் பின்னால் கட்டிவைப்பது ஆலோசகரின் வேலையில் பெரும்பகுதி.

எதனோடு ஒப்பிடுவது?

உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14.77. அந்தச் சராசரியை இலக்குக் கோடாக வரையும் அறிக்கை முற்றிலும் பயனற்றது. மாதவாரி அட்டவணையில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று வேறு வேறு அளவுகள் உள்ளன. ஆகஸ்டில் 20 டி.எம்.சி. வந்தால் சராசரிக் கோட்டின்படி அது மிகுதி; அட்டவணைப்படி பாதிகூட இல்லை. நீர் ஆண்டு ஜூனில் தொடங்குவதால் ஜனவரியிலிருந்து கூட்டும் ஆண்டுக் கணக்கும் இங்கே பொருந்தாது.

கடைக் கணக்கிலும் இதே கண்ணி உண்டு. தீபாவளி 2022-இல் அக்டோபர் 24 அன்று வந்தது. 2023-இல் நவம்பர் 12 அன்று வந்தது. திருச்சி சின்னக்கடை வீதியில் ஒரு துணிக்கடை அந்த இரு ஆண்டுகளின் அக்டோபர் விற்பனையை அப்படியே ஒப்பிட்டால், நன்றாக நடக்கும் வியாபாரம்கூடச் சரிந்ததாகத் தோன்றும். பண்டிகைக்கு முந்தைய நாள்களைப் பண்டிகைக்கு முந்தைய நாள்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

யாருக்கு எந்த எண்?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவாக நிற்கிறது. முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மதகுகளைக் காக்கும் பொறியாளருக்கு இரு கிளைகளிலும் போகும் கன அடி மணிக்கு மணி தேவை. ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் மக்களை இறங்க விடலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரிக்கு, மேட்டூரில் திறந்த நீர் எப்போது வந்து சேரும் என்பதே கேள்வி. ஆற்றங்கரைக் கிணறுகளிலிருந்து குடிநீர் எடுக்கும் திருச்சி மாநகராட்சியோ கோடையின் கடைசி வாரங்களைக் கணக்கிடுகிறது.

திருச்சி நகரின் ஒரு பகுதியான உறையூரின் கவலை வேறு. அதன் மேற்கே குடமுருட்டி காவிரியில் கலக்கிறது. மணப்பாறைப் பக்கம் பெய்யும் மழை அரியாறு, கோரையாறு வழியாக அதில் வந்து சேரும். காவிரியும் நிரம்பி ஓடினால் குடமுருட்டி வெள்ளம் வடிய வழியின்றி ஊருக்குள் தேங்கும். மேட்டூர் எண்களை மட்டும் காட்டும் பலகையில் இந்த ஆபத்து தெரியவே தெரியாது. உள்ளூர் மழைமானிகளின் அளவும் அதில் ஏற வேண்டும்.

ஆகவே தேர்ந்த ஆலோசகர் மென்பொருளைத் திறப்பதற்கு முன் படிப்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்பார்: நீங்கள் எடுக்கும் முடிவு எது, எவ்வளவு அடிக்கடி எடுக்கிறீர்கள், எந்த அளவைத் தாண்டினால் உங்கள் முடிவு மாறும்? விடைகளை வைத்துக் காகிதத்தில் ஒரு மாதிரி வரைந்து காட்டிய பிறகே தரவைத் தேடிப் போவார். தலையாய எண் மேலே பெரிதாக, அதன் போக்கு அடுத்து, விவரப் பட்டியல் கீழே என்பது பழகிய வரிசை. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண்களும் உண்டென்பதால் நிறத்தோடு சொல்லும் சேர வேண்டும். கடைசியாகப் புதுப்பித்த நேரமும் அளவின் அலகும் இல்லாத பலகையை வெளியிடக் கூடாது. வெள்ளக் காலத்தில் ஆறு மணி நேரப் பழைய எண், எண்ணே இல்லாததைவிட ஆபத்தானது.