இருபதில் ஒரு பங்கு: பிரெஞ்சுச் சட்டத்தில் வீட்டுப் பரப்பளவுப் பிணக்குகள்

வீட்டு விற்பனையில் சொன்ன பரப்பளவும் இருந்த பரப்பளவும் வேறுபடும்போது, அப்பிழையின் இழப்பை யார் ஏற்பது? இவ்வினாவுக்குப் பிரான்சு அளித்த விடை இரு நூற்றாண்டுகளில் மாறிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1804ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத் தொகுப்பு 1616 முதல் 1623 வரையிலான பிரிவுகளில் இப்பொருளை வகுத்துரைத்தது. ஓர் அலகுக்கு இவ்வளவு எனப் பேசி விற்ற நிலம் அளவிற் குறைந்தால் விலையும் அதற்கேற்பக் குறையும். மொத்த விலைக்கு விற்ற சொத்திலோ, வேறுபாடு மதிப்பில் இருபதில் ஒரு பங்கை எட்டினால் மட்டுமே விலை மாறும். குறைவுக்கு விலைக்குறைப்பும் மிகைக்குக் கூடுதல் விலையும் என விதி இருபுறமும் இயங்கியது. வழக்கை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். இத்தொகுப்பு 1819இல் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தமையால், தமிழ் நிலப்பகுதி ஒன்றின் சட்டநூலிலும் இவ்விதி இடம்பெற்றது.

எனினும் 1619ஆம் பிரிவு, தரப்பினர் வேறுவிதமாக உடன்பட்டால் விதி செல்லாது என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. விற்பனை ஆவணங்களில் ‘அளவுக்கு உத்தரவாதம் இல்லை’ என்னும் வாசகம் வழக்கமாக இடம்பெற அதுவே காரணமாயிற்று. அடுக்ககங்களின் கூட்டுரிமையை ஒழுங்குபடுத்திய 1965ஆம் ஆண்டுச் சட்டமும் தொடக்கத்தில் பரப்பளவைக் குறிக்குமாறு விற்பவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சதுர மீட்டர்க் கணக்கில் விலை பேசப்பட்ட பாரிசில், அந்தச் சதுர மீட்டருக்கு எவரும் பொறுப்பேற்காத நிலை நிலவியது.

இந்நிலையை மாற்றியது 1996 டிசம்பர் 18ஆம் நாள் சட்டம். நாடாளுமன்ற உறுப்பினர் ழில் கரேயின் பெயரால் அது ‘கரே சட்டம்’ என வழங்குகிறது. கூட்டுரிமை அடுக்ககப் பகுதியை விற்பவர் அதன் தனியுரிமைப் பரப்பளவை ஆவணத்தில் குறித்தே ஆக வேண்டும். உண்மை அளவு இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், வாங்கியவர் ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்து விகிதப்படி விலைக்குறைப்புப் பெறலாம். அளவு கூடியிருந்தால் விற்றவருக்குக் கூடுதல் விலை இல்லை. ஆக, இருபதில் ஒரு பங்கும் ஓராண்டும் 1804இன் மரபுரிமை. பிழையின் சுமையை விற்பவர் மீதே வைத்தது 1996இன் புதுமை.

எடுத்துக்காட்டாக, 40 சதுர மீட்டர் எனக் குறித்து 4,00,000 யூரோவுக்கு விற்ற வீடு 37 சதுர மீட்டரே இருந்தால் குறைவு 7.5 விழுக்காடு; விற்றவர் 30,000 யூரோ திருப்பித் தர வேண்டும். அதே வீடு 38 சதுர மீட்டர் இருந்தால் குறைவு சரியாக 5 விழுக்காடு; எல்லையைத் தாண்டாமையால் வாங்கியவருக்கு எதுவும் கிடைக்காது. ஒரே ஒரு சதுர மீட்டர் வழக்கின் முடிவையே மாற்றிவிடுகிறது.

எனவே எதை அளப்பது என்பதே பிணக்கின் மையமாயிற்று. 1997 மே 23ஆம் நாள் ஆணை சுவர்கள், தடுப்புகள், படிக்கட்டுகள், கதவு சன்னல் இடைவெளிகள் ஆகியவற்றைக் கழிக்கச் சொன்னது, 1.80 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடத்தை நீக்கியது. நிலவறையும் வண்டி நிறுத்துமிடமும் கணக்கில் சேரா. சாய்ந்த கூரையின் கீழமைந்த பாரிசு அறைகளில், கால்படும் தரைக்கும் சட்டம் ஏற்கும் பரப்புக்கும் இடையே பெரும் வேறுபாடு தோன்றியது. பயன்பாட்டுரிமை மட்டுமே உள்ள பொதுவிடத்தை மறைத்துக் கட்டிய பகுதி தனியுரிமைப் பரப்பாகாது என்றும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

விற்பவர் தொழில்முறை அளவையாளரை அமர்த்தியிருந்தால் சுமை அவருக்கு மாறுமா? விலைக்குறைப்பு தன்னளவில் ஈடுசெய்யத்தக்க இழப்பன்று எனினும், அதே விலைக்கு விற்கும் வாய்ப்பை இழந்தமைக்கு விற்பவர் அளவையாளரிடம் இழப்பீடு கோரலாம் என 2015 சனவரியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

கூட்டுரிமைக்கு உட்படாத தனி வீடுகளுக்குக் கரே சட்டம் பொருந்தாது. அவை இன்றும் 1804இன் விதிக்கும் அதன் விலக்கு வாசகங்களுக்கும் உட்பட்டவை. ஒரே தெருவில் அடுக்ககம் வாங்கியவருக்குக் கிட்டும் பாதுகாப்பு, அடுத்திருக்கும் தனி வீட்டை வாங்கியவருக்கு இல்லை. சட்டம் அளவுகோலைத் திருத்தியதைவிட, எண்ணை எழுதியவரை அதற்குப் பொறுப்பாக்கியதே இவ்வரலாற்றின் முதன்மையான மாற்றம். அம்மாற்றம் பாதி வழியிலேயே நிற்கிறது.