குரோய்டன் ஊரவையும் பள்ளிப் பணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில் நியூ ஹாம்சயர் என்றொரு சிறிய மாநிலம் உளது. அதன் மேற்குப் பகுதியில், சலிவன் மாவட்டத்தில், ஏறத்தாழ 800 பேர் வாழும் ஊர் குரோய்டன். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், பனி பெய்த ஒரு சனிக்கிழமையன்று, அவ்வூர் வாக்காளருள் 34 பேர் கூடியிருந்த கூட்டத்தில், பிள்ளைகளின் படிப்புக்கென வகுக்கப்பெற்ற 17 இலட்சம் டாலர்த் திட்டம் 8 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. குறைப்பை ஆதரித்தோர் 20 பேர். எதிர்த்தோர் 14 பேர். செய்தி பரவியதும் ஊர் இரண்டுபட்டது. 20 பேரின் கை உயர்ந்ததால் ஓர் ஊரின் கல்விப் பணத்தில் பாதிக்கு மேல் பறிபோவது சட்டப்படி செல்லுமா? செல்லும். அஃது எவ்வாறு என்பதை அறிய, 375 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

புதிய இங்கிலாந்து எனப்படும் அப்பகுதியில் குடியேறிய ஆங்கிலேயருள் பெரும்பாலோர் பியூரிட்டன் என்னும் கண்டிப்பான கிறித்தவப் பிரிவினர். வேதநூலை ஒவ்வொருவரும் தாமே படித்தறிதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆகவே மாசசூசெட்சுக் குடியேற்றத்தின் பேரவை 1647ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. 50 குடும்பங்கள் உள்ள ஊர், எழுதவும் படிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 100 குடும்பங்கள் உள்ள ஊர், பல்கலைக் கழகத்திற்கு மாணவரை ஆயத்தம் செய்யும் இலக்கணப் பள்ளியை நிறுவ வேண்டும். மக்களை வேத அறிவின்றி வைத்திருப்பதே சாத்தானின் பழைய சூழ்ச்சி என்று அதன் முகவுரை கூறுவதால், சாத்தானின் பெயராலேயே அச்சட்டத்தை வரலாற்றாசிரியர் வழங்குவர். நியூ ஹாம்சயர் ஊர்கள் அந்நாளில் மாசசூசெட்சு ஆட்சியின்கீழ் இருந்தவை.

அச்சட்டத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஆசிரியரின் ஊதியம் பற்றிய பகுதியே. அதனைப் பிள்ளைகளின் பெற்றோரோ எசமானரோ தரலாம். அன்றி ஊரார் அனைவரும் பொதுவில் தரலாம். இரண்டில் எது என்பதை ஊர்க் காரியங்களை நடத்துவோருள் பெரும்பான்மையோர் முடிவு செய்து கொள்ளலாம் என்று அது விட்டுவிட்டது. பள்ளி வைப்பது கட்டாயம். பணம் எவர் தலையில் என்பது ஊர் விருப்பம். இவ்விரண்டும் ஒரு நாள் ஒன்றோடொன்று முட்டும் என்பது அன்று எவர்க்கும் தோன்றவில்லை போலும்.

ஊர் முடிவு செய்யும் இடம் ஊரவை. இது பேராளர்கள் கூடும் மன்றமன்று. வாக்குரிமையுடைய ஒவ்வொருவரும் நேரில் வந்து, வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வாதாடி, திருத்தம் கொண்டுவந்து, வாக்களிக்கும் கூட்டம். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் இது கூடுவது வழக்கம். குரோய்டன் 1763ஆம் ஆண்டில் பட்டயம் பெற்ற ஊர். அக்காலத்து ஆளுநர் பென்னிங் வென்ட்வொர்த் வழங்கிய பட்டயங்களில், ஊர் நிலத்தைப் பங்கிடும்போதே பள்ளிக்கென ஒரு பங்கு ஒதுக்குவது வழக்கமாயிருந்தது. வீடுகள் எழுமுன்னரே பள்ளிக்கு நிலம் குறித்தனர் எனலாம்.

இனி, வரியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மலேசியாவில் நகராண்மைக் கழகத்திற்கு நாம் கட்டும் வீட்டு வரி, குப்பை வாரவும் சாலை விளக்கு எரியவும் பயன்படுகிறது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கக் கருவூலத்திலிருந்து வருகிறது. நியூ ஹாம்சயரில் அவ்வாறன்று. அம்மாநிலத்தில் உழைத்துப் பெறும் சம்பளத்திற்கு மாநில வருமான வரி இல்லை. பொது விற்பனை வரியும் இல்லை. அதனை அம்மக்கள் பெருமையாகவே கூறிக்கொள்வர். ஆனால் பள்ளி நடக்க வேண்டுமே! ஆகவே சுமையில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் வீடுகள்மீதும் நிலங்கள்மீதும் இறங்குகிறது. வீட்டின் மதிப்பில் ஒவ்வோர் 1,000 டாலருக்கும் இத்தனை டாலர் என்று வீதம் குறிப்பர். வேலை போனாலும், ஓய்வு பெற்று வருவாய் சுருங்கினாலும், வீட்டின் மதிப்புக் குறையாதவரை வரியும் குறையாது. பள்ளிச் செலவு உயரும்போது முணுமுணுப்போர் எல்லாரும் கல்வியின் பகைவர் அல்லர் என்பதை இங்கே நினைவிற்கொள்வது நலம்.

இம்முறையின் ஏற்றத்தாழ்வு ஒரு பெரிய வழக்கில் வெளிப்பட்டது. குரோய்டன் அமைந்துள்ள அதே மாவட்டத்தில் உள்ள கிளேர்மண்ட் என்னும் நகரும், சொத்து மதிப்புக் குறைந்த வேறு சில ஊர்களும் சேர்ந்து மாநிலத்தின்மீது தொடுத்த வழக்கு அது. மாநில உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டிய கணக்கு வியப்புக்குரியது. 1994-95ஆம் பள்ளியாண்டில் பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் 1,000 டாலர் மதிப்புக்குப் பள்ளி வரி 25.26 டாலர், மௌல்டன்பரோ என்னும் ஊரில் 5.56 டாலர். முன்னதில் இலட்சம் டாலர் வீட்டுக்காரர் 2,526 டாலர் கட்ட, பின்னதில் அதே மதிப்புள்ள வீட்டுக்காரர் 556 டாலர் கட்டினார். மௌல்டன்பரோ பெரிய ஏரியின் கரையில் உள்ள ஊர். விலையுயர்ந்த வீடுகள் மிகுந்தது. ஆகவே குறைந்த வீதத்திலேயே அங்கு வேண்டிய பணம் திரண்டுவிடும். ஏழை ஊர் மிகுதியாக வரி கட்டியும் குறைவாகவே திரட்டும்.

இவ்வழக்கின் முதல் தீர்ப்பு 1993ஆம் ஆண்டினது. அது தமிழாசிரியர்க்குச் சுவை தருவதொன்று. ஏனெனில், வழக்கு ஒரு வினைச்சொல்லின் பொருளைச் சார்ந்து நின்றது. மாநிலத்தின் 1784ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், கல்வியையும் பொதுப் பள்ளிகளையும் 'பேணுதல்' சட்டமன்றத்தின் கடன் என்று எழுதப்பட்டுள்ளது. பேணுதல் என்பது வெறும் நல்லெண்ணத்தைக் குறிக்கும் அணிச்சொல்லே என்று மாநிலத்தின் சார்பில் வாதாடினர். நீதிபதிகளோ அரசியல் சட்டம் எழுதப்பட்ட காலத்து அகராதிகளைப் புரட்டினர். தாங்குதல், ஊட்டி வளர்த்தல், காத்தல் என்னும் பொருள்களை அச்சொல் அன்று பெற்றிருந்தமை கண்டு, போதிய கல்வியை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளிப்பது மாநிலத்தின் கட்டாயக் கடமை என்று தீர்த்தனர். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு சொல் உயிர்பெற்று எழுந்து அரசாங்கத்தைப் பணம் கேட்டது. 1999ஆம் ஆண்டில் மாநிலம் முழுமைக்கும் ஒரு கல்விச் சொத்து வரி வகுக்கப்பட்டது. ஆயினும் சுமையின் பெரும்பகுதி ஊர்களிடமே தங்கிவிட்டது.

குரோய்டனுக்கு மீள்வோம். அவ்வூர்ப் பள்ளி பழங்காலக் கட்டடத்தில் நடக்கும் சிறு பள்ளி; மழலை வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரையில் மட்டும் உண்டு. மூத்த பிள்ளைகளை நியூப்போர்ட், சுனப்பி முதலிய அண்டை ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பி, அதற்குரிய கட்டணத்தை ஊரே செலுத்தும். தனியார் பள்ளிக்கும் ஊர்ப் பணத்தில் அனுப்பலாம் என்னும் உரிமைக்காக மாநிலக் கல்வித் துறையோடு போராடிய ஊர் இது. 2017ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமே இயற்றப்பெற்றது. எல்லாரையும் சேர்த்தால் மாணவர் சுமார் 80 பேர்.

2022 மார்ச்சு 12ஆம் நாள் காலையில், இரு நூற்றாண்டுப் பழமையுடைய ஊர் மண்டபத்தில், ஊர்ச் செலவுத் திட்டம் அமைதியாக நிறைவேறியது. பிற்பகலில் பள்ளித் திட்டம் வந்தது. அப்பொழுது ஊராட்சிக் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து, 17 இலட்சம் என்பதை 8 இலட்சம் என்று மாற்ற வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். அவருடைய மனைவியாரே அப்பொழுது பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தார். அரசாங்கத்தின் கை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று என்னும் கொள்கையுடையோர் நியூ ஹாம்சயரில் குடியேறி அதனைத் தம் வழிக்குத் திருப்ப முயலும் இயக்கம் ஒன்றுண்டு. திருத்தம் கொண்டுவந்தவர் அதனைச் சேர்ந்தவர். அவர் விநியோகித்த துண்டு வெளியீட்டில் பள்ளிச் செலவுத் திட்டத்தை ஆளைப் பிடித்துவைத்துக் கேட்கும் மீட்புப் பணத்திற்கு ஒப்பிட்டிருந்தார். குடிமகன் அறிவோடு ஆட்சியிற் பங்குகொள்ளத் தேவையான கல்விக்கு மட்டுமே பொதுப் பணம் செலவாகலாம், விளையாட்டும் இசையும் அதில் அடங்கா என்பது அவர் வாதம். ஒரு பிள்ளைக்கு 10,000 டாலர் போதும் என்று கணக்கிட்டுத்தான் 8 இலட்சம் என்றார்.

திருத்தம் வரப்போவது முன்கூட்டி எவருக்கும் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்க வேண்டும் என்று சட்டமும் கூறவில்லை. வாக்காளர் பட்டியலில் இருந்தவர் 565 பேர். 500க்கு மேற்பட்டோர் அன்று மண்டபத்தில் இல்லை. பனியைக் காரணம் கூறலாம். ஆனால் பனி இல்லாத ஆண்டுகளிலும் கூட்டத்திற்கு வருவோர் சிலரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எப்பொழுதும் நடப்பது இப்பொழுதும் நடக்கும் என்று வீட்டில் இருந்துவிட்ட பெற்றோர், அன்று மாலையிலும் மறுநாளிலும் செய்தி கேட்டுத் திகைத்தனர்.

அண்டை ஊர்ப் பள்ளிகளின் கட்டணம் 10,000 டாலருக்கு மிகுதியானது. எஞ்சிய தொகையைப் பெற்றோர் தம் கைப்பணத்திலிருந்து தர வேண்டும். தர இயலாதார் பிள்ளையை வேறு ஏற்பாட்டிற்கு விட வேண்டும். சிறு குழுக்களாகப் பிள்ளைகளை அமர்த்தி, கணினி வழியாகப் பாடம் பயிலச் செய்து, ஒரு 'வழிகாட்டி'யை மேற்பார்க்க வைக்கும் தனியார் நிறுவனத்தின் முறையைப் பள்ளிக் குழு ஆராயத் தொடங்கிற்று. வழிகாட்டி என்பார் பயிற்சி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டுவதில்லை. செலவு பாதி குறையும். குறைவது ஆசிரியர் என்பதனால் என்க. பயிற்சிக் கல்லூரியில் மாதிரிப் பாடம் நடத்தி, குறிப்பெழுதி, திருத்தம் பெற்றுத் தேறியவர்க்கு இவ்வேற்பாட்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோரும் பிறரும் சட்டத்தை ஆராய்ந்தனர். ஒரு வழி இருந்தது, குறுகலான வழி. கையொப்பமிட்ட மனு கொடுத்துச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம். ஆனால் பட்டியலில் உள்ள வாக்காளருள் பாதிப் பேரேனும், அதாவது 283 பேர், வாக்களித்தாலன்றி அக்கூட்டத்தின் முடிவு செல்லாது. 34 பேர் செய்ததை மாற்ற 283 பேர் வேண்டும்! திருத்தத்தை ஆதரித்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வந்து எதிர்த்து வாக்களிப்பதினும் வாராதிருப்பதே அவர்க்கு வலிமை. ஆகவே, வீட்டிலேயே இருங்கள் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டனர். எதிர்த் தரப்பினர் வீடு வீடாகச் சென்றனர், தொலைபேசியில் அழைத்தனர், சாலையோரம் பலகை நட்டனர். அரசியலில் இரு கட்சிகளாக நின்று ஒருவரோடொருவர் பேசாதிருந்தவர்களும் இதன் பொருட்டு ஓரணியாயினர்.

மே 7ஆம் நாள், ஊரிலுள்ள வொய்.எம்.சி.ஏ. முகாமின் கட்டடத்தில் கூட்டம் கூடியது. அன்றைய முதல் வினா பள்ளியைப் பற்றியதன்று. எத்தனை பேர் வந்தனர் என்பதே. 379 பேர் வாக்களித்தனர். 17 இலட்சத்தை மீட்க வேண்டும் என்றோர் 377 பேர். வேண்டா என்றோர் 2 பேர்.

இவ்வெண்ணிக்கையைக் கண்டு, ஊர் முழுதும் ஒருமனப்பட்டது என்று எழுதியோர் உண்டு. அது சரியன்று. எதிர்ப்போர் வாராதிருந்தமையாலேயே எதிர்ப்பு இரண்டாகச் சுருங்கிற்று. வாராத 186 பேருள் சோம்பல் எத்தனை, நோய் எத்தனை, கொள்கை எத்தனை என்பதை எந்த எண்ணும் காட்டாது. வரி கூடுதல் என்னும் முறையீடும் அன்று தீர்ந்துவிடவில்லை. மீண்ட பணத்தையும் அதே வீடுகளே தர வேண்டியிருந்தது. வரியின் கொடுமையைச் சுட்டியதில் திருத்தக்காரர் பிழை செய்யவில்லை. அதற்குரிய பரிகாரத்தை மாநிலத் தலைநகரான கான்கார்டில் கேட்காமல் 80 பிள்ளைகளிடம் கேட்டதே அவர்தம் பிழை.

மாநிலத்தின்மீதான வழக்கோ மேலும் நடந்தது. ஒரு பிள்ளைக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகையாகிய சுமார் 4,100 டாலர் போதாது, குறைந்தது 7,356 டாலரேனும் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். தொகை போதாது என்பதை மாநில உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு சூலையில் உறுதிப்படுத்திற்று. அத்தொகையை உயர்த்தும் பொறுப்பு சட்டமன்றத்தைச் சார்ந்தது.