வீழ்ந்தவர்க்கு வாசல் உண்டோ?

இரட்சிப்புப் பெற்றவன் எனத் தன்னை நம்பும் கிறிஸ்தவன் ஒருவன் பின்னர்க் கொடும்பாவம் ஒன்றைச் செய்துவிடுவானாயின், அவன் பெற்ற இரட்சிப்பு அவனை விட்டு நீங்குமோ, நீங்காதோ? இவ்வினா அம்மார்க்கத்தைப் போலவே முதுமை உடையது. இந்நாட்டுத் தமிழருள்ளும் கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், மெத்தடிஸ்ட் சபையார் எனப் பல பிரிவினர் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அவர்தம் குருமாரை வினவினால் விடைகள் முற்றும் ஒன்றுபடா. அவற்றுள் எது மெய் எனத் தீர்ப்புக் கூறுதல் நமது வேலையன்று. அவ்விடைகள் எங்ஙனம் பிறந்தன, எத்தகைய மாந்தரை முன்னிறுத்திப் பிறந்தன எனச் சரித்திரத்தைக் கொண்டு காண்பதே நமது நோக்கம். அதற்கு நாம் செல்ல வேண்டிய இடம், இன்று துனீசியா எனப்படும் நாட்டின் கடற்கரையில் இருந்த கார்த்தேஜ் நகரம், காலம் கி. பி. 250.

ஆதிச் சபையின் எண்ணம்

ஞானஸ்நானம் பெறுவோனுடைய முற்பாவங்கள் யாவும் அந்நீரிலேயே கழுவப்பட்டு ஒழியும் என ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பினர். அதன்பின் செய்யும் பாவத்துக்கு வழி யாது என்பதே சிக்கல். வேத புத்தகமும் இதில் ஒரே குரலிற் பேசவில்லை. தம் குருவை மும்முறை மறுதலித்த பேதுரு மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். தந்தையின் பொருளை அழித்த இளைய குமாரனும் வீட்டுக்குள் அழைக்கப்பட்டான். எபிரெயருக்கு எழுதிய நிருபமோ, ஒளி பெற்றபின் மறுதலித்து விழுந்தவரை மனந்திரும்பப் புதுப்பித்தல் கூடாத காரியம் என அச்சுறுத்துகின்றது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்னும் நூல், ஞானஸ்நானத்துக்குப் பின் ஒரே ஒரு முறை மனந்திரும்ப இடமுண்டு என நடுவழி ஒன்று காட்டிற்று.

அந்நிய தெய்வங்களுக்குப் பலியிடுதல், கொலை, விபசாரம் ஆகிய மூன்றும் மாபாவங்களாகக் கருதப்பட்டன. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தவம் செய்து வருந்திய விபசாரிகளை மன்னிப்பதாக அத்தியட்சர் ஒருவர் அறிவித்தபோது, கார்த்தேஜ் நகரத்துப் பேரறிஞர் தெர்த்துல்லியன் அவரை ஏளனம் செய்து நூலே எழுதினார். இவை தனி மனிதர் சிலரைப் பற்றிய வழக்குகள். ஊரிற் பெரும்பகுதியினரே விழுந்துவிட்டால் சபை யாது செய்யும்? அந்தச் சோதனை அடுத்த தலைமுறையில் வந்தது.

சக்கரவர்த்தியின் ஆணை

கி. பி. 249-ல் அரசேறிய தெசியு சக்கரவர்த்தி, பகைவர் படையெடுப்பாலும் உட்கலகத்தாலும் தளர்ந்திருந்த பேரரசைத் தேவர்களின் தயவால் நிமிர்த்தக் கருதி, குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் எனக் கட்டளையிட்டார். பலியிட்டோர் அதிகாரிகள் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றைப் பெறுதல் வேண்டும். அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து தேசத்து மணலில் அழியாது கிடந்து அகப்பட்டுள்ளன. இன்ன ஊரார் இன்னார் எப்பொழுதும் தேவர்களை வழிபட்டு வந்தவர், இப்பொழுதும் அதிகாரிகள் முன்னிலையில் பானம் வார்த்துப் பலியிறைச்சியைச் சுவைத்தார் என்பதே அவற்றின் சாரம். முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் இச்சீட்டைப் பெற்றிருக்கிறாள். ஆதலின் ஆணை எல்லோர்க்கும் பொதுவே; ஆயின் அதனால் நெஞ்சு கலங்கியவர் கிறிஸ்தவர்.

ரோமாபுரி அத்தியட்சர் பாபியான் 250 ஜனவரியில் உயிர் துறந்தார். கார்த்தேஜ் அத்தியட்சர் சிப்பிரியான், செல்வமும் நாவன்மையும் படைத்தவர், மறைவிடம் சென்று கடிதங்களால் சபையை நடத்தினார். அதற்காகப் பலராலும் பழிக்கப்பட்டார். நகரத்தில் நிகழ்ந்ததை அவரே பின்னர் எழுதியுள்ளார். யாரும் பிடிக்குமுன்னரே சந்தைவெளிக்கு ஓடிப் பலியிட்டோர் உளர். பொழுது சாய்ந்தது, நாளை வாருங்கள் என அதிகாரிகள் சொல்லியும், இன்றே முடித்து விடுங்கள் எனக் கெஞ்சினோரும் உளர். சிறையையும் வதையையும் பல நாள் பொறுத்து, உடல் தாங்காமல் இறுதியில் இணங்கினோர் உளர். பலியிடாமலே பணங்கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக் கொண்டோரும் உளர்.

இரண்டாவது சீட்டு

அடக்குமுறை தணிந்தது. விழுந்தவர்கள் திரும்பி வந்து சபையின் வாசலில் நின்றனர். தம் இரட்சிப்புப் போயிற்றோ எனும் கலக்கம் அவர்க்கு. இவர்களை என் செய்வது எனும் கலக்கம் சபைக்கு.

இந்நிலையில், சிறைப்பட்டும் விசுவாசத்தை விடாதிருந்த வீரர்கள், விழுந்தோர்க்குச் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கினர். அவர்கள் பட்ட பாட்டுக்குச் சபையில் மிகுந்த மதிப்பிருந்தது. ஆயின் சில சீட்டுகளில், இன்னாரையும் அவரைச் சேர்ந்தாரையும் ஏற்றுக்கொள்க என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. இதனைக் காட்டி இருபது முப்பது பேர் ஒருங்கே உள்ளே நுழையலாமே எனச் சிப்பிரியான் முறையிட்டார். அரசாங்கத்துக்கு ஒரு சீட்டுக் காட்டித் தப்பியவன், சபைக்கு வேறொரு சீட்டுக் காட்டித் தப்புவானாயின், அவன் நெஞ்சில் நிகழ்ந்தது யாது என்பதை எவரும் கேளாமலே போய்விடும். அவரது அச்சம் அதுவே.

கார்த்தேஜில் ஒரு கட்சியார், கேட்டவரையெல்லாம் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றனர். ரோமாபுரியிலோ நொவாசியான் என்னும் கல்விமான், மறுதலித்தவரை மன்னிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. அவர் சாகுமளவும் தவம் செய்யட்டும், தீர்ப்பை இறைவனுக்கு விட்டுவிடுக என்றார். இதனை இரக்கமற்றவன் பேச்சு எனத் தள்ளுதல் நேர்மையன்று. உயிரைக் கொடுத்தவர் பிணத்தின் சூடு ஆறுமுன், உயிருக்கஞ்சி ஓடியவர் அதே பந்தியில் அமர்வதாயின் அவர் கொடுத்த உயிருக்கு மதிப்பு யாது என்னும் கேள்வி அதனுள் இருக்கின்றது.

சங்கத்தின் தீர்ப்பு

251-ல் கார்த்தேஜில் கூடிய அத்தியட்சர் சங்கம் இவ்விரு கட்சியையும் ஏற்கவில்லை. ஒவ்வொருவர் வழக்கையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்றது. சீட்டு மட்டும் வாங்கியோரை விசாரித்துச் சேர்க்கலாம். பலியிட்டோர் நெடுங்காலம் தவம் செய்ய வேண்டும். மரணம் நெருங்கினால் அவர்க்குச் சமாதானம் மறுக்கப்படலாகாது. வீழ்ந்த குருமார் சபையிற் சேரலாம்; பதவி மட்டும் திரும்பாது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் துன்பம் வரும் எனும் அறிகுறி தோன்றவே, அதுகாறும் தவத்தில் நிலைத்திருந்தோர் யாவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். நிராயுதராய் ஒருவரைப் போர்க்களத்துக்கு அனுப்பலாகாது என்பது காரணம்.

வழக்குகள் எவ்வளவு வேறுபட்டன என்பதற்குச் சிப்பிரியான் ஒரு கடிதத்தில் எடுத்துக்காட்டுக் கூறுகின்றார். ஒருவன் தானும் பலியிட்டு, வீட்டாரையும் நண்பரையும் இழுத்துச் சென்று பலியிடச் செய்தான். மற்றொருவன் தான் ஒருவனே சென்று பலியிட்டு, அதனால் மனைவி மக்களையும் தன் நிலத்திற் குடியிருந்தோரையும் அத்துன்பத்தினின்று காத்து, துரத்தப்பட்டு வந்த சகோதரர்க்குத் தன் வீட்டில் இடமும் அளித்தான். இருவர் செயலுக்கும் பெயர் ஒன்றே. இருவர் குற்றமும் ஒன்றாகுமோ? தவம் செய் எனச் சொல்லி மன்னிப்பு இல்லை என்பது, உழவனை நோக்கி நன்றாக உழு, ஆனால் உனக்கு விளைச்சல் இல்லை என்பது போலாம் என்றும் அவர் நொவாசியானுக்கு விடை கூறினார். ஒருகால் ஓடி ஒளிந்தார் எனப் பழிக்கப்பட்ட இதே சிப்பிரியான், 258 செப்டம்பர் 14-ந் தேதி, வலேரியன் சக்கரவர்த்தியின் காலத்தில், ஓடாது நின்று வாளுக்குத் தலை கொடுத்தார்.

தூயோர் சபை

நொவாசியானைப் பின்பற்றியோர் தம்மைத் ‘தூயோர்’ என அழைத்துக்கொண்டு தனிச்சபை கண்டனர். காலப்போக்கில் மறுதலிப்பை மட்டுமன்றி மாபாவங்கள் அனைத்தையுமே சபை மன்னிக்கலாகாது என்றனர். 325-ல் கூடிய நிசேயா சங்கம், மனந்திரும்பியோரோடு ஐக்கியம் கொள்ள இசைந்தால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என விதித்தது. வற்புறுத்தலின்றியே மறுதலித்தவர்க்கோ, மூன்று ஆண்டு வாசலருகே கேட்போராகவும், ஏழாண்டு தரையில் விழுந்து பணிவோராகவும், இரண்டாண்டு ஜெபத்தில் மட்டும் பங்கு பெறுவோராகவும், ஆகப் பன்னிரண்டு ஆண்டுத் தவம் விதித்தது. வாசல் திறந்திருந்தது, வழி நெடிது. தூயோர் சபையின் அத்தியட்சர் ஒருவரை நோக்கிக் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, நீர் ஓர் ஏணி கொண்டு தனியே வானுலகம் ஏறும் எனப் பகடி செய்ததாகச் சபைச் சரித்திரக்காரர் ஒருவர் கூறுகின்றார்.

பிற்காலத்தார் விடைகள்

நிற்க. நெடுந்தவம் நாளடைவிற் சுருங்கிற்று. குருவினிடம் மறைவாகப் பாவசங்கீர்த்தனம் செய்தல் வழக்காகி, 1215-ல் ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்க எனக் கட்டளையும் ஆயிற்று. பின்னர்ப் பாவத்தண்டனைக் குறைப்புப் பத்திரங்கள் காசுக்கு விற்கும் காலமும் வந்தது. அப்பத்திரம் குற்றத்தை நீக்காது, மனம் வருந்தியோனுடைய தண்டனையை மட்டும் குறைக்கும் என்பது சாஸ்திரம். சந்தையில் நின்ற ஏழைக்கு அவ்வேறுபாடு விளங்கவில்லை. 1517-ல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய கண்டனம் இதிலிருந்து தொடங்கிற்று. கார்த்தேஜில் தோன்றிய சீட்டே மீண்டும் வந்தது எனலாம்.

லுத்தரன் சபையார் 1530-ல் ஆக்ஸ்பர்க்கில் அளித்த விசுவாச அறிக்கை, ஒருகால் நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே மாட்டான் என்போரையும், வீழ்ந்து வருந்துவோரை மன்னியாத நொவாசியான் கட்சியாரையும் ஒருங்கே மறுத்தது. கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547-ல், சாவான பாவம் எதுவாயினும் அதனால் அருள் இழக்கப்படும், விசுவாசம் எஞ்சியிருத்தலும் கூடும், பாவசங்கீர்த்தனத்தால் அருளை மீளப் பெறலாம் என்றது. கால்வின் வழியினர் 1618–19-ல் ஹாலந்து தேசத்து டோர்ட் நகரிற் கூடி, தெரிந்துகொள்ளப்பட்டோர் தாவீதையும் பேதுருவையும் போலக் கொடிய பாவத்தில் விழவுங் கூடும். எனினும் இறைவன் அவரை முற்றும் கைவிடாது மனந்திரும்பச் செய்வான் என்றனர். மெத்தடிஸ்ட் சபையின் ஜான் வெஸ்லியோ, விசுவாசி அருளை இழந்து கெடுதலும் கூடும் எனப் போதித்தார். 1999 அக்டோபர் 31-ல் அதே ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் நீதிமானாக்குதல் பற்றிய கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டனர். 2006-ல் மெத்தடிஸ்ட் சபையாரும் அதனோடு இசைந்தனர். வேற்றுமைகள் முற்றும் நீங்கவில்லை. ஒருவரையொருவர் சபித்தல் நீங்கிற்று.

இவற்றை ஒருங்கு நோக்கின், எக்கட்சியாராயினும் நிலைத்து நின்ற சபைகள் இரண்டு செய்திகளை விடவில்லை என்பது புலனாகும். கொடும்பாவம் சிறு பிழையன்று என்பது ஒன்று; வருந்தி வருவோனுக்கு வாசல் அடைபடலாகாது என்பது மற்றொன்று. முன்னதை விட்டபோது மன்னிப்பு விலைச்சரக்காயிற்று; பின்னதை விட்டபோது சபை ஏணி வைத்துத் தனியே ஏறுவோர் கூட்டமாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கு காப்பதற்குக் கார்த்தேஜ் சங்கத்தார் கண்ட வழி, வீழ்ந்தவனைக் கூட்டத்தில் ஒருவனாக எண்ணாது, அவன் எங்ஙனம் வீழ்ந்தான் என அவனையே அழைத்துக் கேட்டல். கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி, தவறியவரைத் தீர்ப்பிடும் பொறுப்பை உடைய எந்தச் சங்கத்துக்கும், எந்தக் குடும்பத்துக்கும் இஃது ஏற்புடைய நெறியே என்பது நமது துணிபு.