கனவில் அறிவும் ஆட்சியும்

புலி துரத்துகிறது. ஓட முயல்கிறோம்; கால் எழவில்லை. அவ்வேளையில், ‘இது கனவுதானே’ என்று உள்ளம் சொல்கிறது. இத்தகைய அநுபவம் பலர்க்கும் வாழ்நாளில் ஓரிரு முறையேனும் நேர்ந்திருக்கும். ஆயின், கனவென்று அறிந்த அளவிலே புலி நின்றுவிடுகிறதா? நிற்பதும் உண்டு, நில்லாமல் மேலும் நெருங்குவதும் உண்டு. அறிதல் வேறு, ஆளுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால் மேலைநாடுகளில் ஒரு கதை பரவிற்று. அக்கதைக்குக் களமானது நம் தீபகற்பத்து மலைக்காடு. ஆதலின் அதனை ஆராய்ந்து தெளிவது நமக்கும் உரிய கடமையாகும்.

கனவென்று உணர்ந்தவாறே காணும் கனவுக்கு 1913இல் ஒரு பெயர் சூட்டியவர், டச்சு நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஈடன் என்பவர். அவர் இட்ட பெயரைத் ‘தெளிவுக் கனவு’ என மொழிபெயர்க்கலாம். எனினும், திருமாலின் பள்ளியை ‘அறிதுயில்’ என வழங்கும் நம் மொழியில் ‘அறிகனவு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. மங்கலான காட்சியிடையேயும் இவ்வறிவு தோன்றுவதால், ‘தெளிவு’ என்னும் சொல் மயக்கம் தரும்.

வான் ஈடன் 1898 முதல் 1912 வரை தாம் கண்ட அறிகனவுகள் 352ஐக் குறித்து வைத்தார். அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. கனவென்று நன்கறிந்த நிலையில், மேசைமேல் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து முழு வலிமையோடு கைமுட்டியால் குத்துகிறார், கிண்ணம் உடையவில்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் நோக்கும்போது அது உடைந்து கிடக்கிறது! குறித்த நேரத்தில் மேடையேறத் தவறிய கூத்தனைப் போலக் கனவுலகம் காலந்தாழ்த்துக் கீழ்ப்படிகிறது. அறிவு முழுமையாக இருந்தது, ஆட்சியோ அரைகுறை.

இவ்வகைக் கனவு மெய்யாகவே உறக்கத்தில் நிகழ்வதா என்னும் ஐயம் நெடுங்காலம் இருந்தது. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் அதனைத் தீர்த்தார். கனவு மிகுந்த உறக்கத்தில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்ணை அசைக்கும் தசைகளோ கட்டுண்பதில்லை. கனவென்று உணர்ந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக ஆட்டுமாறு ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் முன்னரே சொல்லிவைத்தார். அவ்வசைவு கருவியிற் பதிவாயிற்று. அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியே இம்முடிவை அடைந்து 1981இல் வெளியிட்டார். ஹெர்ன் கண்ட மற்றொரு செய்தியும் உண்டு: இருண்ட அறையைக் கனவிற் காண்பவர் விளக்கின் விசையைத் தட்டினாலும் பெரும்பாலும் வெளிச்சம் வருவதில்லை. தன் கண்ணை ஆட்ட முடிகிறது. தன் கனவின் விளக்கை ஏற்ற முடியவில்லை. 2013இல் உர்சுலா வோஸ் குழுவினர் அமைத்த அளவையும் கனவென்னும் உணர்வையும் கனவின்மேற் செல்லும் ஆட்சியையும் இரு வேறு கூறுகளாகவே கொண்டது.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் சித்தாந்தம் பயிலும் அன்பர்களுக்கு ஐந்தவத்தை நினைவுக்கு வரும். நனவில் 35 கருவிகள் தொழிற்படும். கனவில் அறிவுப்பொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் நீங்க 25 கருவிகள் எஞ்சும் என்பர். மனம், புத்தி முதலிய அகக்கருவிகள் நிற்க, கையும் காலும் கழல்கின்றன என்னும் இவ்வமைப்பு வியப்பூட்டுவதே. ஆனால் இதைக் கொண்டு, மேலையோர் கண்டதை நம்மவர் முன்பே கண்டனர் என முழங்குதல் முறையன்று. கருவியின்றி உயிர் அறியாது என நிறுவுவதே அங்குக் கருத்து. கனவை ஆள்வது பற்றிய வினா அங்கு எழவில்லை.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1934இல் கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர் மலாயாவுக்கு வந்தார். தைப்பிங்கிலுள்ள பேராக் அரும்பொருட்சாலையில் பணியாற்றிய மானிடவியலார் எச். டி. நூன் என்பவரோடு, பேராக்–கிளந்தான் எல்லை மலைகளில் வாழும் தெமியார் ஊர்களுக்குச் சென்றார். தெமியாரும் அவர்க்குத் தெற்கே வாழும் செமாய் மக்களும் செனோய் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தவர்கள். ஸ்டூவர்ட் தெமியார் மொழி அறியாதவர். தங்கியதும் சில வாரங்களே. 1938இல் மீண்டும் வந்தபோதும் நெடுநாள் தங்கவில்லை.

1951இல் ‘மலாயாவில் கனவுக் கோட்பாடு’ என்னும் கட்டுரையை அவர் வெளியிட்டார். காலையுணவின்போது செனோய்க் குடும்பத்தார் கூடிப் பிள்ளைகளின் கனவைக் கேட்பராம். கனவிற் புலி வந்தால் ஓடாதே, எதிர்த்துத் தாக்கு என்று கற்பிப்பராம். இங்ஙனம் கனவை ஆளக் கற்றதனால் அச்சமூகத்தில் இருநூறு முந்நூறு ஆண்டுகளாக வன்குற்றமே நிகழ்ந்ததில்லையாம்! 1969இல் சார்லஸ் டார்ட் தொகுத்த நூலில் இக்கட்டுரை மறுபடியும் வெளிவந்தது. 1974இல் பட்ரீஷியா கார்பீல்டின் நூல் அதனைப் பல்லாயிரவர்க்கு எடுத்துச் சென்றது. அமெரிக்காவில் செனோய் முறை என்ற பெயரில் கனவுப் பயிற்சிக் குழுக்கள் தோன்றின. வியத்நாம் போரால் மனம் நொந்திருந்த காலம் அது. அமைதியான மக்கள் எங்கேனும் இருக்கவேண்டும் என்று ஏங்கியவர்க்கு, மலாயாக் காடு வாய்ப்பாக அமைந்தது.

மெய்யை அறிவது அத்துணை அரிதன்று. 1962, 1963ஆம் ஆண்டுகளில் ராபர்ட் டென்டன் செமாய் மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தார். 1964 முதல் ஜெப்ரி பெஞ்சமின் தெமியாரை அவர்தம் மொழியிலேயே ஆராய்ந்தார். காலைக் கனவுப் பள்ளியை இருவரும் கண்டிலர். 1982இல் ஆன் பாரடேயும் அவர் கணவர் ஜான் ரென்-லூயிசும் தெமியாரிடமே சென்று வினவினர். கனவை ஆளும் கல்வி எதுவும் தமக்கில்லை என்றே விடை கிடைத்தது. 1985இல் வில்லியம் டோம்ஹாப் சான்றுகளைத் தொகுத்து நூலாக்கினார். வன்குற்றம் பற்றிய கூற்றுக்கு நூனின் முடிவே மறுப்பு: ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943இல், அவர் தெமியார் காட்டிலேயே கொல்லப்பட்டார்.

கோலாலம்பூர்வாசிகளுக்கு இம்மக்கள் தொலைவிலுள்ளோர் அல்லர். நகரின் நடுவே கிள்ளான் ஆற்றோடு கலக்கும் கோம்பாக் ஆற்றின் மேற்புறத்தில், 1950களில் ஓராங் அஸ்லி மருத்துவமனை எழுந்தது. பேராக்கிலிருந்தும் கிளந்தானிலிருந்தும் தெமியார் நோயாளர் அங்கு வந்தனர். உறவினரும் உடன்வந்து தங்கினர். கலிபோர்னியாவிற் கற்பிக்கப்பட்ட செய்தி மெய்யா என்று பஸ் ஏறிச் சென்றே கேட்டிருக்கலாம்.

அவ்வாறாயின் தெமியாருக்குக் கனவு பொருட்டன்றா? பெரிதும் பொருட்டே. உறங்குவோனின் தலையில் உறையும் உயிர் வெளிச்சென்று உலவும் என்பது அவர் கொள்கை. மரம், மலை, அருவி, விலங்கு இவற்றின் ஆவி அதனை எதிர்கொண்டு, கனவு காண்பவனைத் ‘தந்தை’ என விளித்து, ஒரு பாடலைக் கற்பிக்கும். அப்பாடலைப் பெற்றவன் நோய் தீர்க்கும் சடங்கில் அதனைப் பாடுவான். அவனை ஹாலாக் என்பர். இங்கே ஆட்சி யாருடையது? ஆவியே தேர்கிறது, ஆவியே வருகிறது. மனிதன் செய்வது விழிப்போடு கேட்பதும், கேட்டதை மறவாது கொணர்வதும் ஆகும். புலியைத் தாக்கென்னும் ஸ்டூவர்ட்டின் கட்டளை இதற்கு நேர்மாறானது. பெறுவோராய் இருந்த ஒரு மக்களை, ஆள்வோராக அவர் எழுதிவிட்டார். அதனால் அவர்தம் பாடல் புறக்கணிக்கப்பட்டு, அவர்க்கில்லாத பயிற்சி புகழ்பெற்றது. இதுவே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

அப்பாடல்கள் சில 1941இல் மலாயா ஒலிபரப்புக் கழகத்தாரால் நூனின் துணையோடு பதிவு செய்யப்பட்டன. 1955இல் நியூயார்க்கின் போக்வேஸ் நிறுவனம் அவற்றை இசைத்தட்டாக வெளியிட்டது. ஹாலாக் ஓர் அடியைப் பாடுகிறான். பெண்கள் நெட்டையும் குட்டையுமான இணை மூங்கிற்குழாய்களைக் கட்டைமேல் இடித்துத் தாளமிட்டு, அவ்வடியைத் திரும்பப் பாடுகின்றனர். ஒருவன் கனவில் தனியே கேட்டது, ஊரார் அனைவரும் நனவிற் பாடும் பாட்டாகிறது.